அரிசிச் சாக்கில் சறுக்கியவர்கள்

“நாங்கள் அரிசிச் சாக்கில சறுக்கினனாங்கள். எங்கட தலை உடைஞ்சதோ?”

பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போகும் மெட்ரோவில், எதிர் இருக்கையில் இருந்தவர் மனைவியிடம் கேட்டார். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். அந்த அம்மாவின் மடியில் புத்தம்புதுச் சிவப்பு ஹெல்மெட்.

“அது விளையாட்டு. இது மலை உச்சியில இருந்து பனியில ஸ்கீ. மகளைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போகினம்.”

“ஹெல்மெட் கட்டாயம் எண்டு அவை சொல்லேல்லையே. விலைத்துண்டு இன்னும் கழட்டேல்லை, திருப்பிக் குடுப்பம்.”

அந்த அம்மா ஹெல்மெட்டை மடியோடு அணைத்துக்கொண்டார். கணவர் சிரித்துக்கொண்டு தொடர்ந்தார்.

“வந்த முதல் விண்டர் ஞாபகம் இருக்கோ? ஒரு வீட்டில எட்டுப் பேர். சாக்கு வெறுமையானால் காணும், மவுண்ட் ராயல் மலைக்குச் சறுக்க ஓடுவம். நான் முன்னுக்கு, நீர் பின்னுக்கு. என்ர தலையில கம்பளித் தொப்பிகூட இல்லை.”

“ஓம். என்ர ரெண்டு கையும் இருந்தது.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“மரங்கள் கிட்டக் கிட்ட வரும். அடிபட்டால் முதல் என்ர கையில படட்டும் எண்டு உங்கட தலையைப் பொத்திப் பிடிச்சனான். பிள்ளைக்குப் பின்னால ஆர் இருக்கிறது?”

ஒரு நிலையம் கடந்தது.

“இவ்வளவு காலமும் நீர் பயத்தில பிடிச்சனீர் எண்டெல்லோ நினைச்சன்.”

“பயத்திலதான்.”

அவர் ஹெல்மெட்டை வாங்கி, விலைத்துண்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.