யோகப்பிரியாவிடம் கேட்டவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் மாரப்பன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பேராசிரியர்களே, எருத்தேன்பதியிலிருந்தும் பெருமாட்டியிலிருந்தும் தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் உறவினர் தோளிலுமாக வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் என் தோழர்களே, நம் எல்லோரையும்விடப் பெரிய துக்கத்தைச் சுமந்துகொண்டு இங்கே அமர்ந்திருக்கும் வனிதா அக்கா அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் பெயர் ராமலட்சுமி. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. மறைந்த பூபதிராஜா அவர்களும் நானும் முதுகலைப் படிப்பில் ஒரே வகுப்பு. மலையாளமும் ஆங்கிலமும் நிறைந்த அந்த வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என்னை அம்முணி என்பார். நான் அவரை அண்ணே என்பேன். வயதில் அவர் என் சித்தப்பாவாக இருக்கலாம். ஆனாலும் ஒரே பெஞ்சு அல்லவா?

நாங்கள் படித்தது மாற்றுத்திறனாளர் ஆய்வியல். அது என்ன படிப்பு? வைத்தியமா? ஊசி போடக் கற்றுத் தருவார்களா? இந்த ஊரில் அவரிடம் இதைக் கேட்காதவர்கள் உண்டா? எல்லோருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

“டாக்டருக்குப் படிக்கறவங்க ஒடம்புல என்ன கோளாறுன்னு பாப்பாங்க. நாங்க ஊருல என்ன கோளாறுன்னு பாக்கறமுங்க.”

சபையோரே! தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தபோது அவர் திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆன இளம் விவசாயி. அதன்பின் நீண்ட காலம் படுக்கை. நிலத்தை வனிதா அக்கா பார்த்துக்கொண்டார். நிலக்கடலை போட்டார், தண்ணீர் பாய்ச்சினார், வந்து கணவரைப் புரட்டிப் படுக்க வைத்தார். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் கட்டிலுக்கு அருகே நின்றுகொண்டு வனிதா அக்காவிடம்தான் பேசினார்கள். “ஆளு எப்படியிருக்காரு? சோறு சாப்புடறாரா? தூங்கறாரா?”

ஒரு நாள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. “ஏனுங்க, நான் இங்கதானுங்க இருக்கறேன். என்னயக் கேக்கலாமுங்க.”

அவர் படிக்கப் போனதற்கு என்ன காரணம் என்று நான் கேட்டபோது இதைத்தான் சொன்னார். “அன்னிக்கு எல்லாரும் திடுக்குன்னு திரும்பிப் பாத்தாங்க அம்முணி. கட்டலு பேசிருச்சுன்னு நெனச்சாங்க போல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடையில் துணி எடுக்கப் போனால், “இந்தப் பிள்ளைக்கு என்ன கலர் வேணும்?” என்று என் அம்மாவிடம் கேட்பார்களே, அது எனக்கு நினைவுக்கு வந்தது.

கட்டிலில் இருந்தபடியே அஞ்சல் வழியில் பட்டம் பெற்றார். நாற்பதைத் தாண்டியபின் பல்கலைக்கழக விடுதிக்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். வந்தால், எங்கள் வகுப்பறை மாடியில்! மாற்றுத்திறனாளரைப் பற்றிய படிப்பு, படிக்கட்டுக்கு மேலே! நான்கு பேர் சேர்ந்து அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்க வந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். படிக்கட்டின் கீழே நாற்காலியை நிறுத்திக்கொண்டு, இறங்கி வந்த ஆசிரியரிடம், “இதுவும் பாடந்தானுங்க சார். இங்கயே நடத்தலாமுங்க” என்றார். நடத்தினார்கள்! போகிற வருகிற மாணவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த வாரம் முடியுமுன் வகுப்பு கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆசிரியர் இன்று இந்த மேடையில் இருக்கிறார். அவர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

இன்னொரு நாள். நான் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக, அவர் எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவர் ஓடிவந்து படம் எடுத்தார். “எவ்வளவு நெகிழ்ச்சியான காட்சி!” என்றார். பூபதிராஜா அவர்கள் என்ன சொன்னார் தெரியுமா? “நாங்க கேன்டீனுக்கு வடை தின்னப் போறமுங்க. இதுல நெகிழ என்னுங்க இருக்குது?”

அப்படிப்பட்டவர், ஆய்வுக்கு எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்? பெரிய நகரத்தையா? இல்லை. இந்த எல்லையோரக் கிராமங்களை, உங்கள் வீடுகளை. வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். என் ஆய்வு உடும்பஞ்சோலையில். அதைத் தொடங்குமுன் கற்றுக்கொள்வதற்காக அவருடன் சில நாள் இங்கே வந்தேன். அப்படி வந்தபோதுதான் பழனாத்தாள் அம்மாவின் வீட்டுக்குப் போனோம்.

பழனாத்தாள் அம்மாவும் அவர் மகள் யோகப்பிரியாவும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் இருவரையும் கேட்டு, சம்மதம் பெற்றுத்தான் இதைச் சொல்கிறேன். யோகப்பிரியாவுக்கு என் வயது. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கைகால் அவள் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சும் வராது. அவள் தம்பி கோபிநாத்துக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில், தூரத்தில் இருந்த ஒரு காப்பகத்தில் யோகப்பிரியாவைச் சேர்த்துவிடலாம் என்று குடும்பம் முடிவு செய்திருந்தது.

“யோகப்பிரியாகிட்டக் கேட்டீங்ளா?” என்றார் பூபதிராஜா அண்ணன்.

“அவளுக்கு என்னுங்க தெரியும்?” என்றார் பழனாத்தாள் அம்மா. அதில் வெறுப்பு இல்லை. மகளைக் குழந்தையிலிருந்து தூக்கித் தூக்கித் தேய்ந்துபோன ஒரு தாயின் குரல் அது.

“ஏனுங்கக்கா, சோறு வேணுமா வேண்டாமான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறீங்க?”

“வேணும்னா கண்ண மேல தூக்குவா. வேண்டாம்னா மூடிக்குவா.”

“அப்ப இதையும் அப்படியே கேப்பமுங்க.”

நாற்காலியை அவள் பாய்க்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினார். காப்பகத்தைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார். “நீ இந்த ஊட்டுலயே இருக்கோணுமா, கண்ணு?”

வெளியே சொட்டுநீர்க் குழாயில் காற்று சீறியது. கடைசியில் பழனாத்தாள் அம்மா மெதுவாகச் சொன்னார். “மூடிட்டா.”

தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று அண்ணன் மாற்றிக் கேட்டார். “இந்த ஊட்ட உட்டுப் போகோணுமா?”

“மேல பாக்கறா” என்றார் அம்மா. அடுத்த நொடி அவர் உடைந்து அழுதார். “இவள எப்படி வளத்தேன்! என்னய உட்டுட்டுப் போகோணுமாமா!”

திரும்பும் வழியில், ஊர் நெருங்கியபோது அண்ணன் சொன்னார். “அம்முணி, அவ ஊட்டுலயே இருக்கோணும்னுதான் சொல்லுவான்னு நான் நெனச்சேன். அதுக்காவச் சண்ட போடோணும்னே போனேன். அவளுக்கும் சேத்து நானே முடிவு பண்ணிட்டுப் போயிருக்கறேன், பாத்தியா?”

பெரியோர்களே! ஆய்வாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தான் போட்டுவைத்த முடிவுக்கு ஒத்துவராத பதிலைக் கேட்டதும், அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. பூபதிராஜா அவர்கள் மறுபடியும் அதே வீட்டுக்குப் போனார். மறுபடியும் கேட்டார்.

அம்மா மேல் கோபமா? கண் மூடியது. தம்பி மேல் கோபமா? மூடியது. வேறு ஆட்களைப் பார்க்க வேண்டுமா? உன் வயதுப் பெண்களோடு இருக்க வேண்டுமா? கேள்வி முடிவதற்குள் யோகப்பிரியா சத்தமாகச் சிரித்தாள். அந்தப் பதிலை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை!

காப்பகத்தை அவளே பார்க்கட்டும் என்றார் அண்ணன். வண்டி பிடித்து எல்லோரும் போனோம். பினாயில் வாசனை, ஓயாமல் ஓடும் தொலைக்காட்சி, வரிசையாகக் கட்டில்கள். அங்கே நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் பழனாத்தாள் அம்மாவிடம். யோகப்பிரியாவிடம் ஒன்றுகூட இல்லை. இங்கே இருக்கிறாயா என்று கேட்டதும் அவள் கண்ணை மூடினாள். வண்டியில் ஏறும்வரை திறக்கவில்லை என்றார் அவள் அம்மா.

பிறகு பக்கத்து ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் பகல் மையத்துக்குக் கூட்டிப்போனோம். காலையில் போய் மாலையில் திரும்பும் இடம். பெண்கள் பாடிக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி யோகப்பிரியாவிடம் நேராக வந்து, “உன்ற பொட்டு நல்லாருக்குது. எங்க வாங்குன?” என்று கேட்டாள். நாங்கள் எதையும் கேட்குமுன்பே பழனாத்தாள் அம்மா சொன்னார். “கண்ணக் கீழயே எறக்க மாட்டேங்கறாளுங்க!”

தினமும் போய்வர வண்டி இல்லாததுதான் சிக்கல். அதைத் தீர்த்தது யார்? அந்தத் தம்பி கோபிநாத்! தன் சரக்கு ஆட்டோவில் ஒரு சாய்தளத்தை வெல்டிங் வைத்துக்கொண்டு வந்து நிறுத்தினான். “அக்கா போகோணும்னு சொல்லிருச்சுங்க. அப்பறம் என்னுங்க?” என்றான். அதன்பிறகு அவனுக்குப் பெண்ணும் அமைந்தது. அந்தப் பெண் முதல் தடவை அந்த வீட்டுக்கு வந்ததே, யோகப்பிரியாவோடு அந்த வண்டியில் உட்கார்ந்துதான்.

இப்போது நான் பேசத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். எனக்குமுன் பேசிய அன்பர் ஒருவர், பூபதிராஜா அவர்கள் படிப்புக்காக உயிரைத் தியாகம் செய்தார் என்றார். அன்போடு அதை மறுக்கிறேன். அவருக்கு உயிரை விடும் எண்ணமே இல்லை. வாய்மொழித் தேர்வுக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்.

நாள் முழுக்க நாற்காலியில் இருந்ததால் உடம்பில் புண் வந்தது. உணர்வில்லாத உடம்பு, வலி தெரியாது. வனிதா அக்கா விடுமுறையில்தான் கண்டுபிடித்தார். “கொஞ்ச நாளு படுத்துக் கெடங்க” என்று கெஞ்சினார். “படுத்தேதான கெடந்தேன் வனிதா, அத்தன வருசமும்” என்றார் இவர். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது.

இது தியாகமா? வகுப்பறைக்குப் பக்கத்தில் நடுப்பகலில் சற்று நேரம் சாய்ந்துகொள்ள ஒரு கட்டில், அதை மறைக்க ஒரு திரை, இது இருந்திருந்தால் அவர் இன்று என் பக்கத்தில் இருந்திருப்பார் அல்லவா! அவர் சாவை நாம் புகழ்ந்துவிட்டால், அந்தக் கட்டிலைப் போடும் பொறுப்பிலிருந்து எல்லோரும் தப்பித்துக்கொள்வோம். தப்பிக்க வேண்டாம். துறையில் அந்தக் கட்டிலைப் போட்டுவிட்டோம் என்று பேராசிரியர் நேற்று என்னிடம் சொன்னார். மகிழ்ந்தேன். அறைக்குப் போய் அழுதேன்.

வனிதா அக்கா, உங்களிடம் என்ன சொல்வேன்? அவர் படித்தார் என்று ஊர் சொல்கிறது. நிலத்தையும் பார்த்து, அவரையும் அனுப்பிவைத்து, பின்னால் நின்றவர் நீங்கள். நேற்றிரவு நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். “போக உட்டிருக்கக் கூடாதோ, அம்முணி?” அதற்கு என் பதிலை இப்போது சொல்கிறேன். நீங்கள் தடுத்திருக்கலாம். இந்த ஊரில் எல்லோரும் அது நியாயம் என்றிருப்பார்கள். ஆனால் நீங்கள், அவர் என்ன விரும்பினார் என்று கேட்டீர்கள். கேட்டபடி நடந்தீர்கள். அதற்கு இவ்வளவு பெரிய விலை வந்தது அநியாயம். ஆனால் நீங்கள் செய்தது தவறில்லை அக்கா.

அவைக்கு ஒரு வேண்டுகோள். கோபிநாத்தின் வண்டியில் இன்னும் இடம் இருக்கிறது. பகல் மையத்தைப் பார்க்காத வீடுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் உண்டு. தலைவர் மாரப்பன் ஐயா தம் வண்டியையும் தருவதாக மேடையேறுமுன் சொன்னார். அந்த வண்டிகள் நிற்காமல் ஓட வேண்டும். ஏறச் சொல்லுமுன், ஏற வேண்டியவரிடம் நாம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதையும் மதிக்க வேண்டும்.

என் பங்குக்கு நான் உறுதி சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசி வீடு சந்தனம் அக்காவுடையது. அவருக்கு வளர்ந்த மகன் ஒருவன் இருக்கிறான். அக்கா ஏலக்காய் பறிக்கப் போகும்போது, அவன் எங்காவது போய்விடக் கூடாது என்று கதவைப் பூட்டிவிட்டுப் போவார். பல வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவன் குரலை நான் சுவருக்கு அப்பாலிருந்து மட்டுமே கேட்டிருக்கிறேன். என் ஆய்வு அந்த வீட்டில் தொடங்கும். கதவைத் திறக்கச் சொல்லி அக்காவிடம் கேட்பேன். உள்ளே போய், முதலில் என் பெயரை அவனுக்குச் சொல்வேன். அவன் பெயரை அவனிடமே கேட்பேன். பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.