மூக்குக்காரி

– கிழிஞ்சா கிழியட்டும் சார். என் கல்யாணமே கிழிஞ்சு கிடக்கு, இந்தக் காகிதம் கிழிஞ்சா என்ன?

– கையை எடுங்க நகிட்டோ. ஆறாம் வகுப்புப் பொண்ணு எழுதின கட்டுரை அது. நல்லா இருந்துச்சு, பெற்றோர் நாளுக்காகச் சுவத்துல ஒட்டினேன். அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா? சிமெண்டுக் கடை லுபேகா தன் பையனைப் பார்க்க வந்தவர், இதைப் படிச்சுட்டுப் போய் ஆள் அனுப்பிட்டாரு. வர்ற சனிக்கிழமை அவர் வீட்டு ஆளுங்க பெண் கேட்டு வரமாட்டாங்களாம். முப்பத்துநாலுன்னு சொன்ன பொம்பளைக்கு வயசு நாப்பத்தொண்ணாம். எழுதினவ என் பக்கத்து வீட்டு பபிரியே. ஒட்டினவர் நீங்க. நான் யாரைக் கேக்கறது?

– மெதுவா பேசு நகிட்டோ, பள்ளிக்கூடம். இசபிர்யே சார் வேணும்னா செஞ்சிருப்பாரு? நான் சொல்றதைக் கேளு. பெற்றோர் சங்கத் தலைவியா நான் எதுக்கு உன்கூட வந்திருக்கேன்? ஒரு மன்னிப்பு எழுதி வாங்கிட்டுப் போயிடலாம்.

– மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது டெரிக் அம்மா, துணி தைக்கறதா? பெண் கேக்கற விருந்துக்கு ஜிஞ்சா முழுக்கப் பத்திரிகை கொடுத்தாச்சு. எனக்குன்னு கோமேஸி உடுப்பு தைச்சு வச்சிருக்கேன், நீலப் பட்டு. மத்தவ கல்யாணத்துக்கே இருபது வருஷமா தைச்சவ, முதல் தடவையா என் அளவுக்குத் தைச்சேன்.

– அதான் எனக்கும் வயிறெரியுது. எனக்கென்ன வந்துச்சு, ரெண்டாம் நம்பர்ல நான் பாட்டுக்கு இருக்கேன். ஆனா மனசு கேக்கலையே.

– அதாவது, ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கலாம். கட்டுரையில உங்க பேர் எங்கயும் இல்ல, நகிட்டோ.

– தலைப்பே "என் பக்கத்து வீட்டுக்காரி"தானே சார். அவ மூணாம் நம்பர், நான் நாலாம் நம்பர். நடுவுல ஒத்தைச் செங்கல் சுவரு. நான் தும்மினா அவ நூறு ஆயுசுன்னு வாழ்த்தற தூரம்.

– போதாததுக்கு அந்த வார்த்தை வேற. சொல்லுங்க சார், ‘நோஸி’ன்னு எழுதியிருக்கா இல்லையா?

– எழுதியிருக்கா. நான்தான் அந்த வாரம் பட்டியல் கொடுத்தேன். குரலுக்கு அஞ்சு வார்த்தை, குணத்துக்கு அஞ்சு, வயசுக்கு மூணு. தெரிஞ்ச ஒருத்தரை வச்சு எழுதணும்.

– கேட்டியா நகிட்டோ? ‘நோஸ்’னா மூக்கு. மூக்குக்காரின்னு எழுதியிருக்கா. லுபேகா என்னைத்தான் கேட்டாரு, இது யாரும்மான்னு. எங்க லைன்ல அப்படி ஒரு மூக்கு யாருக்கு இருக்கு, நீங்களே பார்த்துக்குங்கன்னேன். பொய் சொல்ல முடியுமா?

– என் மூக்கு என் அப்பா கொடுத்தது. அதைப் பத்தி எனக்கு வெக்கம் இல்ல. ஏன் சார் தலையைக் குனியறீங்க?

– ஒண்ணுமில்ல.

– ஒண்ணுமில்லாதவர் ஜன்னலைப் பார்க்கமாட்டாரு. அந்த வார்த்தைக்கு மூக்குக்காரின்னுதான் அர்த்தமா?

– அதாவது... மூக்கு சம்பந்தப்பட்டதுதான்.

– சார் சொல்லிட்டாரு பாரு. நான் நாலு வருஷம் ஆஸ்பத்திரியில வெள்ளைக்கார டாக்டருக்குத் தரை துடைச்சவ. எனக்குத் தெரியாத இங்கிலீஷா?

– அக்கா, நான் அவரைக் கேக்கறேன். சார், நான் நாலாம் வகுப்போட நின்னவ. என்னை ஏமாத்தறது சுலபம். அதனாலயே ஏமாத்தாதீங்க.

– ...மூக்கு பெருசா இருக்கறதுக்கு அந்த வார்த்தை இல்ல. மூக்கை நுழைக்கறதுக்கு.

– எங்க?

– அடுத்தவங்க சட்டியில, கடுதாசியில, கதவிடுக்குல.

– சார், வார்த்தையை அளந்து பேசுங்க. நான் கல்வி அதிகாரிக்கு ஒரு வரி எழுதிப் போட்டா அடுத்த பருவத்துக்கு நீங்க எந்த ஊர்ல சாக்பீஸ் பிடிக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியாது.

– தெரியும் டெரிக் அம்மா. அதான் இவ்வளவு நேரமும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

– இருங்க. குரலுக்கு என்ன எழுதியிருக்கா?

– ‘ஷ்ரில்’னு. கீச்சுக்குரல். தகரத்துல ஆணி இழுத்த மாதிரி.

– என் குரலா? சந்தையில ஆளைப் பார்க்காம என் குரலை மட்டும் கேட்டா, ஆம்பளைன்னு நினைச்சு "சொல்லுங்கய்யா"ன்னு பதில் சொல்றான் சார். போன வாரம்கூட வெங்காயக்காரன் சொன்னான்.

– அதாவது, அதைத்தான் நானும் யோசிச்சேன்.

– குழந்தை எழுதினது. கீச்சுன்னா என்ன, கரகரன்னா என்ன, அதுக்கென்ன தெரியும்? வா நகிட்டோ, போகலாம். எனக்கு அடுப்புல வேர்க்கடலைச் சாறு இருக்கு.

– இப்பத்தான் மன்னிப்பு வாங்காம போகக்கூடாதுன்னீங்க அக்கா. உக்காருங்க. சார், வயசுக்கு என்ன போட்டிருக்கா? நாப்பத்தொண்ணா?

– ‘மிடில்-ஏஜ்டு’. நடுத்தர வயசு. எண் எதுவும் இல்ல.

– எண் இல்லையா?

– நீங்களே பாருங்க. இங்கிலீஷ் தெரியாட்டியும் எண் தெரியுமே. இந்தத் தாள்ல நாலும் ஒண்ணும் எங்கயாவது சேர்ந்து நிக்குதா?

– இல்ல. தேதிதான் இருக்கு.

– அப்ப லுபேகாவுக்கு நாப்பத்தொண்ணு எங்க இருந்து வந்துச்சு?

– சுவத்துல இருந்து வரல.

– என்னை ஏன் ரெண்டு பேரும் பார்க்கறீங்க? நான் சொல்றதைக் கேளுங்க. முகத்தைப் பார்த்தாத் தெரியாதா ஒருத்தி வயசு?

– முகத்தைப் பார்த்தா நாப்பதுன்னு சொல்லலாம், நாப்பத்தஞ்சுன்னு சொல்லலாம். ஊசிமுனை மாதிரி நாப்பத்தொண்ணுன்னு சொல்ல முடியாது அக்கா. என் அடையாள அட்டையை இந்த ஊர்ல பார்த்தது ஒரே ஆள். சிம் கார்டு வாங்கப் போனப்போ, கண்ணாடி இல்லாம வந்துட்டேன், நீங்க படிச்சுச் சொல்லுங்கன்னு உங்க கையிலதான் கொடுத்தேன்.

– கடைக்காரனும்தான் பார்த்தான். அவனைப் போய்க் கேளு.

– கடைக்காரனுக்குக் கல்யாணம் ஆகாத தங்கச்சி இல்ல. உங்களுக்குத்தான் பெனினா இருக்கா.

– பெனினாவை இதுல இழுக்காத. அவ பாட்டுக்கு கோயில் பாட்டுக்குழுவுல பாடிக்கிட்டு இருக்கா. நான் வாயே திறக்கல. சங்கத் தலைவி நான், மேல ஆண்டவன் இருக்கான்.

– சண்டை வேண்டாம். கட்டுரையில கடைசிப் பத்தி ஒண்ணு இருக்கு. படிக்க வேணாம்னு நினைச்சேன்.

– படிங்க சார்.

– படிங்க, எனக்கென்ன பயம்? சுத்தமான கைக்குச் சோப்பு எதுக்கு?

– "என் பக்கத்து வீட்டுக்காரி எப்போதும் உரக்கப் பேசுவார். ஒரே ஒரு முறை கிசுகிசுத்தார். சிமெண்டுக் கடைக்காரரிடம், தையல்காரிக்கு வயது நாற்பத்தொன்று என்று சொன்னபோது."

– பொய். அந்தக் குட்டிக்கு நாக்கு அழுகும். நான் எங்க கிசுகிசுத்தேன்? நடுரோட்டுல, நாலு பேர் முன்னாடி, சத்தமாத்தான் சொன்னேன். என்ன சார், அதுக்குள்ள தாளை மடிச்சு வைக்கறீங்க?

– அடுப்புல சாறு இருக்குன்னீங்களே அக்கா. போங்க. அடிப்பிடிச்சுடும்.

– நகிட்டோ, நான் உன் நல்லதுக்குத்தான்...

– போங்க.

– போறேன். சார், அந்தக் கடுதாசி இன்னைக்கே போகும்.

– தபால்பெட்டி வாசல்லயே இருக்கு டெரிக் அம்மா.

– ...போயிட்டாங்க. ஊர்ல எல்லாரும் என் வயசைப் பேசியாச்சு. நீங்க மட்டும்தான் சார் கேக்கல.

– கேட்டா நீங்க திருப்பிக் கேப்பீங்க. எனக்கு நாப்பத்தாறு.

* * *

– பபிரியே, ஏய் பபிரியே, இங்க வாடி. நான் விக்கற கடலையை மடிக்கப் பழைய நோட்டு கேட்டா, பாதி நோட்டை மட்டும் கொடுத்துட்டு ஓடறியே.

– மீதியும் இந்தாங்க டெரிக் அம்மா. நான் ஏழாவது வந்துட்டேன், இனிமே இது வேண்டாம்.

– உக்காரு. கடலை தின்னு. சூடா இருக்கு. நாலாம் நம்பருக்கு யாரு குடி வர்றாங்களாம்?

– தெரியாதும்மா. நகிட்டோ அத்தை போய் ஒன்பது மாசமா பூட்டித்தானே கிடக்கு.

– அவளுக்கென்ன, ராணி. நான் எழுதின கடுதாசியில இசபிர்யே சாரைக் கமுலிக்கு மாத்தினாங்க. அவர் பெட்டியைக் கட்டினாரு, அவ தையல் மெஷினைக் கட்டினா. அதே நீலக் கோமேஸியில கல்யாணம். நான்தான் சேர்த்து வச்சேன்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க.

– சிமெண்டுக் கடைக்காரர் பெனினா அத்தையைக் கட்டிக்கிட்டாரே.

– கட்டினான். கட்டின ரெண்டாம் மாசம் அவ அட்டையைப் பார்த்துட்டான். நாப்பத்துமூணு.

– பெனினா அத்தை உங்க தங்கச்சிதானே? அப்ப உங்களுக்கு எத்தனைம்மா?

– அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு, நீதான் எழுதினியே. ஏன்டி, சோறு போட்ட கையையே கடிச்சியே. கீச்சுக்குரல்னே, மூக்கை நுழைக்கறவன்னே. அதையாவது விட்டுத்தள்ளலாம். அந்தக் கடைசிப் பத்தியை எதுக்குடி எழுதினே? சங்கத்துல இருந்து என்னை எடுத்துட்டாங்க. குழாயடியில ஒருத்தி முகம் கொடுத்துப் பேசறதில்ல.

– கடைசிப் பத்தி என்னம்மா பண்ணுச்சு?

– லுபேகாகிட்ட நான் வயசு சொன்னேன்னு எழுதினியே.

– நான் எழுதலையே. எனக்கு அது தெரியவே தெரியாது.

– பொய் சொல்லாத. சார் என் முன்னாடிதான் படிச்சாரு.

– சத்தியமாம்மா. இதோ, உங்க கையில இருக்கற நோட்டுலதான் முதல்ல எழுதினேன். அதையே பார்த்து, ஒரு எழுத்து மாறாம, சுவத்துத் தாள்ல எழுதினேன். அந்தத் தாளை சார் ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு.

– அப்ப அந்த மனுஷன் சும்மா கல்லை விட்டெறிஞ்சிருக்கான். மாங்காய் நான்தான் தொப்புன்னு விழுந்திருக்கேன். இரு, அந்தப் பக்கத்தை இன்னும் மடிக்கல. கடைசியில நிஜமா என்னதான் எழுதினே? படி. இங்கிலீஷ்ல வேண்டாம், நம்ம பேச்சுல சொல்லு.

– "அவருடைய குரல் கீச்சுக்குரல். ஆனால் எனக்கு மலேரியா வந்தபோது, அம்மா மில்லுக்குப் போன பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் நான் பயப்படவில்லை."