என் மருமகள் மீட்டெடுத்த ஒரு வரி

காவிரி ஒரு கையாலும் கொள்ளிடம் மறு கையாலும் அணைத்துக்கொண்டிருக்கும் இந்தத் திருவரங்கத் தீவிலே, விழாத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ரங்கநாதன் அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! துறையூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, உட்கார இடமின்றி நிற்கும் உறவுகளே! ஓய்வுபெற்ற தமிழாசிரியை தமிழ்மணியின் தலைதாழ்ந்த வணக்கம்.

டாக்டர் கலைமதியைப் பாராட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். யார் இந்தக் கலைமதி? என் மகன் இளவரசனின் மனைவி. அதாவது, என் மருமகள். ஏன் சிரிக்கிறீர்கள்? மாமியார் மருமகளை மேடையேறிப் புகழக்கூடாது என்று மாநகராட்சி ஏதேனும் தடை போட்டிருக்கிறதா? இல்லையல்லவா? அப்படியானால் அமைதியாகக் கேளுங்கள்!

துறையூரில் குழந்தை மருத்துவர் அவள். சில ஆண்டுகளுக்கு முன் திருவெள்ளறையிலிருந்து இருசம்மாள் என்ற பெண் ஆறு மாதம் தாண்டிய தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தாள். களையெடுத்துப் பிழைக்கும் குடும்பம். பறித்துப் போட்ட கீரைத்தண்டாய்ப் பிள்ளை வதங்கிக் கிடந்தது.

"என்னம்மா சாப்பாடு குடுக்கிறே?"

"டப்பா மாவுதாங்க டாக்டர். வெல ஜாஸ்தி. அதான் தண்ணி விட்டு நீட்டிக்கிறேன்."

"வீட்ல சோறு பருப்பு இருக்குல்ல?"

"இருக்குங்க. ஆனா உலகத்து டாக்டருங்க எல்லாம் இதுதான் நல்லதுன்னு சொன்னதா டப்பாவுலயே போட்டிருக்கே. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

தாய்மார்களே, இருசம்மாளைக் குற்றம் சொல்ல முடியுமா? பெற்ற பிள்ளைக்குப் பெரிய இடத்துச் சாப்பாடு கொடுக்க ஆசைப்பட்டது பிழையா? தாய்ப்பாலோடு குழைந்த பருப்புசாதமும் கேழ்வரகுக் கூழும் கொடுக்கச் சொன்னாள் கலைமதி. வாரம் தவறாமல் வரச் சொன்னாள். பிள்ளை பிழைத்தான், தழைத்தான், இன்று கொழுத்தும் விட்டான்! அதோ, நாற்காலிமேல் ஏறி நிற்கிறானே, அவனேதான். இறக்கிவிடு இருசம்மா, விழுந்துவிடப் போகிறான்!

இந்த அனுபவங்களை எல்லாம் அவள் ஆய்வுக் கட்டுரையாக எழுதினாள். அதைப் படித்துவிட்டு ஜெனிவாவிலிருந்து அழைப்பு வந்தது. உலகச் சிசு நல அவை என்று ஓர் அமைப்பு. குழந்தைகள் என்ன உண்ண வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் வழிகாட்டும் அறிவுரை எழுதும் வல்லுநர் குழுவில் என் மருமகளுக்கும் ஓர் இடம்! வீடே விழாக்கோலம் பூண்டது. நான் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தேன்.

குழு கூடியது. ஒரு வரி எழுதியது. "ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வீட்டு உணவே போதும், டப்பா மாவு தேவையில்லை." எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும் நாளில் பார்த்தால் அந்த வரியைக் காணோம்!

எங்கே போனது? யார் எடுத்தார்கள்? அவையின் செயலாளர் நல்ல மனிதர்தான். தலைகுனிந்து சொன்னாராம்: மாவு செய்யும் நிறுவனம் ஆண்டுதோறும் பெருந்தொகை தருகிறது, அந்த வரி இருந்தால் நிறுத்திவிடுமாம். அந்த நிறுவனத்தைத் தாங்கும் அரசும் தன் பங்கை மறுபரிசீலனை செய்வோம் என்று கண்ணை உருட்டுகிறதாம். பணம் நின்றால், இதே அவை மலைநாடுகளுக்கு அனுப்பும் தடுப்பூசியும் நின்றுபோகுமாம்.

பிறகு காபி இடைவேளையில் ஒருவர் வந்தார். தமிழில் பேசினார்.

"வணக்கம் மேடம். நான் ஜெயக்குமார். நானும் திருச்சிதான், தில்லைநகர். அந்தக் கம்பெனிலதான் இருக்கேன். துறையூர்ல உங்க ஆஸ்பத்திரிக்குக் குழந்தைங்க வார்டு இல்லைன்னு கேள்விப்பட்டோம். எல்லா மெஷினும் வெச்சு நாங்களே கட்டித் தந்துடறோம் மேடம். ஒரு வரிதானே?"

அந்த வார்டுக்காக அவள் எத்தனை படி ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். குறைமாதப் பிள்ளைகளைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தார்களா என்று போனைக் கையிலேயே வைத்திருப்பாள். அது கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது, ஐயா!

என்னைக் கூப்பிட்டாள். புருஷனை அல்ல, என்னை! இளவரசா, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே.

"அத்தை, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். லைன்ல மட்டும் இருங்க. அங்க நான் பேசப்போறதை ஒரு தடவை பேசிப் பாக்கிறேன்."

தொடங்கினாள். "ஐயா, உங்க பேரை நம்பித்தான் எங்க ஊர்ல ஒருத்தி டப்பா வாங்கினா. அந்த நம்பிக்கையை விக்க உங்களுக்கும் உரிமையில்ல, எனக்கும் இல்ல. ஊசிக்குப் பணம் வேணும்னா எல்லா நாட்டையும் கேளுங்க. பாப்பாவோட கிண்ணத்தை அடகு வெச்சு ஊசி வாங்காதீங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பேசி முடித்துவிட்டுக் கேட்டாள்: "சரியா வந்துச்சா அத்தை?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முப்பது ஆண்டு பாடம் நடத்திய வாயல்லவா? "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவைக்குள் போனாள்.

பேசினாள். பேனாவை மூடினாள். அவளுக்குப் பின்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அம்மையார் பேனாவை மூடினார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு முதியவரும் மூடினார். அறிவுரை அன்றோடு நின்றது. மறு ஆண்டு, கம்பெனிக்காரர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு மீண்டும் எழுதினார்கள். அந்த வரி திரும்பி வந்தது!

கைதட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் மிச்சத்தையும் கேளுங்கள். நிறுவனம் பணத்தை நிறுத்தியது. மலைநாட்டில் சில ஊர்களுக்கு ஊசி தாமதமானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று கலைமதி சோறு தொடவில்லை. "அந்தப் புள்ளைங்களும் புள்ளைங்கதானே அத்தை" என்று அழுதாள். அவளை அந்த அவை மறுபடி அழைக்கவில்லை. துறையூருக்கு வார்டும் வரவில்லை.

ஆகவே சொல்கிறேன்! உலக அமைப்புகள் வேண்டாம் என்பவன் உண்மை அறியாதவன். நாடுகள் எல்லாம் கைகோத்தல்லவா பெரியம்மையை இந்தப் பூமியைவிட்டே விரட்டின? அவை வேண்டும், வாழ வேண்டும், வலுவோடு வாழ வேண்டும். பொதுநலம் காக்கும் அமைப்புக்குப் பொதுமக்கள் பணம் போகட்டும். நம் அரசும் தரட்டும், எல்லா அரசுகளும் தரட்டும். விற்பவனிடம் கையேந்த வைத்துவிட்டு, விலைபோனாயே என்று வைவதில் என்ன நியாயம்? பிள்ளை வளர்க்கும் வீட்டை விலைகேட்க எவனும் வராதபடி, வாசலில் நிற்க வேண்டியவர்கள் நாமல்லவா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன், ஐயா. கலைமதி, மேடைக்கு வா. பொன்னாடையை நான்தான் போர்த்துவேன் என்று சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. என் பெண் தனியாக எழுந்து நின்ற அந்த அவையில், அவளைத் தனியாக விடாத அந்த அம்மையாருக்கும் அந்தப் பெரியவருக்கும், அரங்கத்திலிருந்து கடல் தாண்டி ஒரு வணக்கம்!