சாம்பல் கழுகின் அம்மா

மூன்று பாகமாக வரும் படத்தில் மூன்றாவதைப் பார்க்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது, ஐயா. முதல் இரண்டைப் பார்த்துவிட்டு மிச்சத்தை நாமே கற்பனை செய்துகொண்டால் தூக்கம் கெடாது.

என் பெயர் லுப்வாமா. ப்வைசே சந்தைக்குப் பின்னால் இருக்கும் வீடியோ கொட்டகையில் விஜே. ஆங்கிலப் படம் ஓடும்போதே மைக்கைப் பிடித்துக்கொண்டு நம் லுகாண்டா மொழியில் கதை சொல்வது என் வேலை. திரையில் என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும், நான் சொல்வதுதான் கதை.

'சாம்பல் கழுகு' முதல் பாகத்தில், இறக்கை மாட்டிய நாயகன் கூரையிலிருந்து பாயும்போது கீழே ஒரு கிழவி தக்காளி விற்றுக்கொண்டிருப்பாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுவாள். அவளை நான்தான் அவனுடைய தாயாக்கினேன். மசாக்கா பஸ் நிலையத்தில் தொலைத்த பிள்ளை தலைக்கு மேலே பறக்கிறான், பாவம், அவளுக்குத் தெரியவில்லை என்றேன். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. இரண்டாம் பாகத்தில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும். அடுத்த பாகத்தில் இருவரும் சேருவார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு சந்தையில் நாகிபூலே என்னைச் சும்மா விடவில்லை. அவளும் தக்காளி விற்பவள். எல்லை தாண்டி ஜூபாவுக்கு லாரி ஓட்டப் போன மகன் திரும்பவில்லை. "எப்பய்யா அந்தப் பையன் அம்மாகிட்ட வருவான்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். வருவான் என்பேன்.

மூன்றாம் பாகம் கைக்கு வந்த அன்றே திரையிட்டேன். முன்கூட்டிப் பார்த்துவைத்துக்கொள்வது கற்றுக்குட்டிகளின் வேலை என்று எனக்கொரு திமிர் உண்டு. படத்தில் கிழவி இல்லை. ஒரு தக்காளிகூட இல்லை. கோட்டுப் போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உலகம் அழியப்போகிறது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். கழுகுக்கு முதுகுவலி. உலகத்தைக் காப்பாற்றுபவனுக்கு மாத்திரை கொடுக்கவே முக்கால் படம் போனது. நான் வியர்த்துப்போய், நரைத்த தலை ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி வந்தாள். இவள்தான் தாய் என்றேன். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். உட்காருவதற்குள் அவள்தான் வில்லி என்று தெரிந்துவிட்டது. கழுகு அவளைச் சுட்டுக் கொன்று, ஒரு ஜோக்கும் அடித்தான்.

மறுநாள் நாகிபூலே முகம் கொடுக்காமல் தக்காளி அடுக்கினாள். "பெத்தவளைச் சுட்டுட்டு சிரிக்கிறான். இதுக்குத்தான் இத்தனை நாள் காக்க வெச்சியா?"

எதிர்க் கொட்டகை விஜே கயோங்கோ என்னைவிட இளையவன், புத்திசாலி. படத்தை முதலில் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொட்டான். கழுகுக்கு வழி சொல்லும் பெண் குரல் ஒன்று ரேடியோவில் வரும், முகம் தெரியாது. அதுதான் தாய் என்றான். பார்க்காமலே பிள்ளையை வீடு சேர்க்கிறாளாம். நாகிபூலே அங்கே போய் அழுதுவிட்டு வந்தாள். என் கொட்டகை காற்று வாங்கியது.

போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினான். "அம்மா உங்களோடதுதான் அண்ணே. நீங்க சுட்டுட்டீங்க, நான் எழுப்பி உட்கார வெச்சேன். அதுல என்ன தப்பு?" எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் தன் குரலோடு படத்தை டிஸ்க்கில் பதிந்து விற்கப்போவதாகச் சொன்னார்கள். பதிந்துவிட்டால் அப்புறம் ஊருக்கெல்லாம் அவன் சொன்னதுதான் முடிவு. பதிவு நடந்த அன்று மதியம் போனேன். கரண்ட் இல்லை, முற்றத்தில் ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டு ஓடியது. சுவரெல்லாம் மெத்தை அடித்த சின்ன அறைக்குள் அவன் தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். மழை வரும்போல் இருந்தது. நனைந்தால் ஜெனரேட்டர் கெட்டுவிடும் என்று அதை இழுத்துவந்து, அறையின் காற்றுத் துளைக்குக் கீழே வைத்தேன். கதவு காற்றில் அடித்தால் பதிவில் சத்தம் விழும் என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன். தொழில் தெரிந்த எவனும் இதைச் செய்வான்.

வெளியே உட்கார்ந்து கேட்டேன். அருமையாகப் பேசினான். தாயின் குரல் வரும் இடத்தில் அவன் குரல் தளர்ந்தது, சொற்கள் குழறின. என்னமாய் நடிக்கிறான் என்று பொறாமையாக இருந்தது. பிறகு கதவு தட்டும் சத்தம். படத்தில் வருவதா, அறையிலிருந்து வருவதா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. மழையும் வரவில்லை.

ஜெனரேட்டரைப் பழைய இடத்தில் வைத்தேன். அறையைத் திறந்துபோட்டுக் காற்று மாறும்வரை காத்திருந்தேன். அவனை ஓரமாக நகர்த்திவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்து மிச்சப் படத்தைப் பேசி முடித்தேன். வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. என் முடிவில் தாய் நேரில் வருகிறாள், பிள்ளையைக் கட்டிக்கொள்கிறாள். திரையில் அப்போது ஒருவன் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். தாய் படகுக்குள் இருக்கிறாள் என்று சமாளித்தேன்.

டிஸ்க்கில் குரல் மாறும் இடத்தை நாகிபூலேதான் உங்களுக்குக் காட்டிக்கொடுத்தாள் என்கிறீர்கள். இருக்கட்டும். கயோங்கோவை நான்தான் கொன்றேன், தெரிந்துதான் கொன்றேன். ஆனால் முடிவு இப்போதும் நன்றாக இல்லை என்று அவள் சொன்னாளாமே, அந்தப் பழியை மட்டும் என் தலையில் போடாதீர்கள், ஐயா. அதற்கு அந்தப் படத்தை எடுத்தவர்களைப் பிடித்து விசாரியுங்கள்.