பூஜைக்குச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

வள்ளியம்மா: ...இல்லண்ணே, கம்ப்யூட்டர் ஓடுது, லினக்ஸ் ஒழுங்காத்தான் வருது. பிள்ளைங்களுக்குன்னு அதுக்குள்ள ஒரு தனி அறை கட்டிக் கொடுத்தீங்கல்ல? அதுக்குள்ளதான் போக முடியல.

மெய்யப்பன்: டீச்சரம்மா, நான் இப்ப... வேலை எதுவும் எடுக்கிறதில்ல. லோபாக் டவுன்ல வேற கம்ப்யூட்டர் கடை இருக்கே.

வள்ளியம்மா: வேற ஆளு வந்தா மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுட்டுப் போவாரு. பிள்ளைங்க எழுதின புரோகிராம் எல்லாம் போயிடும்லா! நாலு மணிக்கு எஸ்டேட் மேனேஜர் வர்றாரு. பிள்ளைங்க புரோகிராமை ஓட்டிக் காட்டலேன்னா இந்தக் கம்ப்யூட்டர் ஹாலைப் பூட்டி உரமூட்டை அடுக்கிடுவாரு.

மெய்யப்பன்: அடப்பாவமே...

வள்ளியம்மா: எங்க எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டரைச் சும்மா தூக்கிக் கொடுத்த மனுசன் நீங்க. அதை நாங்க மறக்கல. உங்களை விட்டா யாரைக் கேப்பேன்? ஆபீஸ் போன் வயரை ஜன்னல் வழியா இழுத்து வச்சுப் பேசறேண்ணே.

மெய்யப்பன்: ...சரி. என்ன வருது? படி.

வள்ளியம்மா: பின் ஸ்லாஷ் எஸ் எச்... அப்படி ஒரு ஃபைலே இல்லையாம்.

மெய்யப்பன்: வெளியில இருந்தே அறைக்குள்ள எட்டிப் பாரு. எல் எஸ் அடி, பட்டியல் வரும். அந்த ஃபைல் இருக்கா?

வள்ளியம்மா: இருக்கேண்ணே! குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு. இருக்கிறதை இல்லேங்குது சனியன்!

மெய்யப்பன்: திட்டாதே. அது தேடுறது வேற எதையோ... அறைக்குள்ள லிப்னு ஒரு ஃபோல்டர் இருக்கா பாரு.

வள்ளியம்மா: இல்ல.

மெய்யப்பன்: இல்லையா? நான் வச்சிட்டுத்தானே வந்தேன்!

வள்ளியம்மா: சரஸ்வதி பூஜை வந்துச்சுல்ல...

மெய்யப்பன்: வந்துச்சு. அதுக்கு?

வள்ளியம்மா: ஹாலைக் கழுவி விட்டோம். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வச்சோம். வெளியே மட்டும் தொடச்சா ஆச்சா, உள்ளேயும் ஒட்டடை அடிக்க வேணாமான்னு...

மெய்யப்பன்: அட கடவுளே!

வள்ளியம்மா: வெளியே ஒரு லிப், உள்ளே ஒரு லிப். ஒரே சாமான் எதுக்கு ரெண்டு, அடைசலா கிடக்குதுன்னு... உள்ளே இருந்ததை அழிச்சிட்டேன்.

மெய்யப்பன்: ஹா... ஹா ஹா ஹா!

வள்ளியம்மா: சிரிக்காதீங்கண்ணே!

மெய்யப்பன்: நான் சிரிச்சே ரொம்ப நாளாச்சும்மா... இந்தா பாரு, அந்த அறைக்குள்ள போயிட்டா வெளியே இருக்கிறது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைங்க எதை உடைச்சாலும் வெளியே சேதாரம் வரக்கூடாதுன்னுதானே அப்படிக் கட்டினேன்? தனிக்குடித்தனம் வச்சா அடுப்பும் சட்டியும் தனியா வேணாமா? லிப் இல்லாம உள்ளே ஒண்ணும் ஓடாது.

வள்ளியம்மா: இப்ப என்ன செய்ய?

மெய்யப்பன்: வெளியே இருக்கிறதுல ஒரு காப்பி எடுத்து உள்ளே வைப்போம். அடி. சி, பி... ஒரு இடம் விடு... மைனஸ் ஏ... இடம்... ஸ்லாஷ் லிப்... இடம்... ஸ்லாஷ் அறை, ஸ்லாஷ்.

வள்ளியம்மா: மெதுவா, மெதுவா! நீங்களும் ஒரு கம்ப்யூட்டரை முன்னால வச்சுப் பார்த்துத்தானே சொல்றீங்க?

மெய்யப்பன்: ம்... ஆமா, ஆமா.

வள்ளியம்மா: மணி என்ன ஆச்சு, கொஞ்சம் பாருங்களேன்.

மெய்யப்பன்: இங்க... கடிகாரம் நின்னு போச்சு. நீ எண்டரைத் தட்டுலா!

வள்ளியம்மா: தட்டிட்டேன்... ஓடுது... நின்னிருச்சு.

மெய்யப்பன்: இப்ப அறைக்குள்ள போ.

வள்ளியம்மா: இருங்க, அடிக்கிறேன்...

மெய்யப்பன்: என்ன வருது? வள்ளி! வாயைத் திறந்து சொல்லு!

வள்ளியம்மா: உள்ளே போயிட்டேண்ணே! எல்லாம் அப்படியே இருக்கு! முத்தாயி மக எழுதின வாய்ப்பாடு கடகடன்னு ஓடுது! உங்க புண்ணியத்துல ஹால் தப்பிச்சிச்சு. நீங்க நல்லா இருக்கணும்ணே.

மெய்யப்பன்: நன்றி நான்தாம்மா சொல்லணும். உங்கிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். எம் முன்னால கம்ப்யூட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆபரேஷன் பண்ணி ரெண்டு கண்ணையும் கட்டி வச்சிருக்காங்க. பார்வை திரும்புமான்னு டாக்டருக்கே தெரியல. இனிமே நான் எதுக்கும் ஆக மாட்டேன்னு கடையை விக்கச் சொல்லிட்டேன்... இப்ப என்னமோ, வேணாம்னு தோணுது. நீ கூப்பிட்டியே, நல்லா இரும்மா.

வள்ளியம்மா: தெரியும்ணே, தெரியாத மாதிரி நடிச்சேன். கண்ணைக் கட்டினதுல இருந்து நீங்க யார்கிட்டேயும் பேசறதே இல்லேன்னு ஆவுடையம்மை அண்ணி பசார்ல நின்னு அழுதாங்க. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி கோலாலம்பூர்ல இருந்து வரவழைச்ச கம்ப்யூட்டர் ஆளு காலையிலேயே வந்துட்டாரு, லினக்ஸ் நல்லாத் தெரிஞ்சவரு. எங்கண்ணன் இருக்கிறப்ப நீங்க தொடாதீங்கன்னு தேத்தண்ணி கொடுத்து வாசல்ல உக்கார வச்சிருக்கேன்... அவரை இப்ப அனுப்பிடட்டுமாண்ணே?