கட்டைவிரலுக்கு மட்டும்

"ஹலோ... ஹலோ, மேடம், கேக்குதுங்களா?... ஆங், சசிகலாதானுங்க. கரடியூர் சசிகலா... ஆமாங்க, ஊட்டுல இருந்தே போன்ல படிக்கற பேட்ச்சுங்க. நெயில் கோர்ஸு... ஆமாங்க, ஆமாங்க, போட்டோ நேத்தே அனுப்பிட்டனுங்க. பத்து விரலும் வந்துச்சுங்களா?... இருங்க மேடம், கொஞ்சம் மேல ஏறிக்கறன்... இப்பச் சொல்லுங்க."

கரடியூரில் அவள் வீட்டுக்குள் போன் பேச முடியாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில், அதுவும் சேலம் பக்கமாகத் திரும்பி நின்றால்தான் குரல் வரும். அந்த மேட்டில் ஒரு கல்லின் மேல் அவளுடைய அம்மா வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். பத்து விரல்களையும் விரித்து முழங்காலில் வைத்திருந்தாள், சாயம் இன்னும் காயாதது போல. ஆனால் அது நேற்றே நகவிளக்கின் வெளிச்சத்தில் இறுகிப்போன ஜெல் சாயம். நகத்துக்கு நகம் காபிப் பழச் சிவப்பு; ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டிக் காபிப் பூ, வெள்ளை வெளேரென்று. பரீட்சைக்காரர்கள் வீடியோவில் கையைக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள் என்று, இன்றைக்கு எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போகாமல் நின்றுவிட்டாள்.

"நெசமாவா மேடம்? பூவெல்லாம் நல்லா வந்திருக்குங்களா?... அம்மா, பூ நல்லாருக்காம்!... ஆங், எங்கம்மா கைதானுங்க அது. இங்கயே உக்காந்திருக்காங்க... சரிங்க... சரிங்க... அப்பறம் என்னங்க?... இல்லீங்க, கேக்குது. 'ஆனா'ன்னு சொன்னீங்க, அதோட நிறுத்திட்டீங்க... ஆங்... ஆங்... பாஸ் இல்லீங்களா?"

அந்தப் பக்கம் பேசியது ஷெர்லின். சேலத்துப் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுப்பதும் மார்க் போடுவதும் அவள்தான். சசிகலா அவளை நேரில் பார்த்ததில்லை. வீடியோவில் முகமும் வராது. மேசைமேல் இரண்டு கைகள் மட்டும் வரும். எதிரே ஆளே வந்து நின்றாலும், விரலைப் பார்த்தால்தான் சசிகலாவுக்கு அடையாளம் தெரியும்.

"நோவு புடிச்ச நகமா? எங்கம்மாதுங்களா?... இல்லீங்க மேடம், அது கறைங்க. நீங்க பாத்தது சாயம் போடறதுக்கு முன்னால எடுத்த போட்டோதானுங்களே? காபிப் பழம் பறிக்கற கைங்க அது. சாறு பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருமுங்க. இந்த மாசத்துல எங்கூர்ல எல்லாத்து கையும் அப்படித்தான். சோப்புப் போட்டாலும் போகாதுங்க... ஆமாங்க, பாடத்துல இருக்குங்க. நோவு இருக்கற நகத்துல சாமானே வெக்கக் கூடாது, டாக்டர்கிட்ட அனுப்பிரணும். தெரியுமுங்க... ஆமாங்க, அப்படி வெச்சா நேராப் பெயிலு. அதும் தெரியுமுங்க. ஆனா இது நோவு இல்லீங்களே மேடம், கறைங்களே!"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சசிகலா திரும்பிக்கொண்டாள். ஏரிக்கரை ரிசார்ட்டில் அழகு நிலையம் திறக்கிறார்கள். திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் கீழே சேலத்திலிருந்து ஆள் எடுத்துக்கொள்வோம் என்று மேனேஜர் ஜெயபிரகாஷ் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். மகளுக்கு இனிமேல் கூடை தூக்குகிற வேலை இல்லை என்று அம்மா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அந்தக் கையை நீட்டி நீட்டித்தான் சொன்னாள்.

"கிளாஸுக்கே வந்திருக்கலாமேன்னா எப்படிங்க மேடம்? உங்க கிளாஸ் முடிஞ்சு நான் மலையேறி ஒண்டிக்கடை ஸ்டாப்புல வந்து எறங்கறப்ப, எங்கூருக்குக் கடைசி பஸ் போயிருக்குங்க. எங்க போய்த் தங்கறது?... ஆமாங்க, எங்கூர் நந்தினி வந்தா. அவளுக்குச் சேலத்துல சித்தி ஊடு இருக்குதுங்களே... தெரியுமுங்க, சொன்னா. ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சு, இவ கையில அவ, அவ கையில இவ... எனக்கு எங்க கை?... எனக்கு என் இடது கைதானுங்க. போட்டுப் போட்டு அழிச்சு அது தேஞ்சே போச்சுங்க. வலது கைக்குப் போடலாம்னா இடது கைக்கு பிரஷ் நிக்காதுங்க. அப்பறம் நீங்க பார்சல்ல அனுப்பின ரப்பர் கை... ஹா, ஆமாங்க. ரப்பர் கை வலிக்குதுன்னு சொல்லாது, சரிதானுங்க."

சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்து அவளும் சிரித்து வைத்தாள்.

"வேற கையா? இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ளயா?... மேடம், ஊர்ல ஆளே இல்லீங்க, எல்லாரும் பழத்துக்குப் போயிருக்காங்க. பக்கத்து ஊட்டு கண்ணம்மாக்கா இருந்தாலும் அவங்க கையும் இதே கறுப்புதான். அப்பவும் இதே சொல்லுவீங்க... பரீட்சைக்கு என் கை செல்லாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க... அடுத்த பேட்ச்சா? அதுக்குள்ள அந்த வேலை போயிருமுங்க மேடம். நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க. எங்க போய் வெள்ளைக் கை கொண்டாறது?... இல்லீங்க, அழுவலீங்க. காத்துங்க இங்க."

காற்றே இல்லை. சரிவில் இருந்த சில்வர் ஓக் மரங்கள் அசையாமல் நின்றன. கீழே செம்மநத்தம் பக்கமிருந்து மஞ்சுமூட்டம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க?... ஒம்பது விரல் கறைதானா? அதைத்தானுங்களே நானும்... ஆங்... ஆங்... வலது கட்டைவிரலு மட்டுமா?... பச்சையா? எந்தப் பக்கம்?... சதையை ஒட்டியா... இல்லீங்களே, நான் பாக்கலீங்களே... சரிங்க. நகத்து மேல மெதுவா அழுத்தி... சரிங்க, லைன்லயே இருங்க மேடம், வெச்சிராதீங்க... அம்மா, வலது கையைக் குடு. அந்தக் கை இல்ல, இது... கட்டைவிரலைக் காட்டு. எதுக்கு மடக்கற? நீட்டும்மா."

வேலம்மாள் நீட்டினாள். சசிகலா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வெள்ளைப் பூவின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். அம்மாவின் முகத்தில் ஒன்றுமில்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆனால் கீழே, செருப்பில்லாத அவள் கால்விரல்கள் பத்தும் செம்மண்ணைக் கவ்விப் பிடித்தன.

சசிகலா விரலை எடுத்துவிட்டாள். கால்விரல்கள் மண்ணை விட்டன. மறுபடி அழுத்திப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"மேடம்... இருங்க... அம்மா, எத்தனை நாளா?... எத்தனை நாளா இருக்குதுன்னு கேக்கறன்... அதனாலதானா கரண்டியில சாப்புட்ட? ரிசார்ட்டுக்காரி அம்மான்னா கரண்டியிலதான் சாப்புடணும்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே... நானும் சிரிச்சனே, அம்மா."

நேற்று விளக்குக்குள் விரலை வைத்தபோதும் அம்மா வெடுக்கென்று இழுத்தாள். கூச்சம் என்று சொன்னாள். எதிரே இருப்பவர் கையை இழுத்தால் உடனே நிறுத்து, கேள், என்பது முதல் பாடத்திலேயே இருக்கிறது. சசிகலாவும் கேட்டாள். அம்மா கூச்சம் என்றதும் அந்தக் கையைப் பிடித்து உள்ளே வைத்து, முடிகிறவரை விடாமல் பிடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கை, பாருங்கள். அதைப் போய் யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

"மேடம், இருக்கீங்களா?... நீங்க சொன்னது சரிதானுங்க. வலிக்குதுங்க. ஓரத்துல தூக்கியும் இருக்குங்க. நகம் சதையை விட்டிருச்சுங்க. நான் அதுமேலயே சாயத்தை வெச்சு மூடிட்டன்... இல்லீங்க, அவங்க சொல்லலீங்க. சொன்னா எனக்குக் கை இல்லாமப் போயிருமுன்னு... ஆமாங்க. ஆமாங்க. கிளாஸா இருந்திருந்தா நீங்க பக்கத்துல நின்னு பாத்திருப்பீங்க. ஆமாங்க மேடம்."

வேலம்மாள் எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, வலியே இல்லீங்க, பாஸ் போட்டுடுங்க என்று உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.

"சும்மா இரும்மா!... உங்களை இல்லீங்க மேடம், எங்கம்மாவை... அவங்க சும்மா சொல்றாங்க. நம்பாதீங்க... ஒக்காரும்மா, உன்னைக் கும்புட்டுக் கேக்கறன்... மேடம், மார்க்கு இருக்கட்டுமுங்க. பெயிலுன்னே போட்டுக்கங்க. இதை எப்படிங்க எடுக்கறது? அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

இப்போது அவள் குரலில் கெஞ்சல் வேறு மாதிரி இருந்தது. சாமான் பெட்டியைக் காலால் இழுத்துத் திறந்தாள். பஞ்சு, வெள்ளித்தாள், அரம், சாயம் கரைக்கிற மருந்து. எல்லாம் இருந்தன.

"இருக்குங்க... பஞ்சு இருக்குங்க. அசிட்டோன் இருக்குங்க. என் கையில தினமும் எடுக்கறதுதானுங்க, அது தெரியுமுங்க. பஞ்சை நனைச்சு வெச்சு வெள்ளித்தாளைச் சுத்தி... ஆங்?... அப்படிப் பண்ணக் கூடாதுங்களா?... எரியுமா? புண்ணுக்குள்ள எறங்கிருமா?... ஐயோ. அப்ப அரத்துல தேய்ச்சு... அதும் கூடாதா? நகமே கையோட வந்துருமா?... அப்ப என்னதாங்க பண்றது?... ஆங், சரிங்க, பதறலீங்க. சொல்லுங்க... ஆஸ்பத்திரிக்கா? போறமுங்க. பஸ்ஸு மதியானத்துக்கு மேலதானுங்க. அதுவரைக்கும் அப்படியே விடறதுங்களா?... சரிங்க... மத்த ஒம்பது விரலும் இருக்கட்டும்... கட்டைவிரலுக்கு மட்டும்... ஆங்... மொதல்ல?... என்னங்க மேடம்? மொதல்ல என்னங்க?"

மஞ்சு மேட்டை எட்டிவிட்டது. தொட்டி மங்கியது. போனுக்குள் ஷெர்லினின் குரல் இரண்டு மூன்று துண்டாகி, ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து ஒட்டாமல் வந்தது.

"மேடம், உடைஞ்சு உடைஞ்சு வருதுங்க. திருப்பிச் சொல்லுங்க... கட்டைவிரலுக்கு மட்டும்... தண்ணியா? எண்ணெயா? எண்ணெய் கூடாதுங்களா, எண்ணெய்தான் போடணுங்களா?... ஹலோ... இருங்க, அந்தப் பக்கம் வர்றன்... இப்பச் சொல்லுங்க... இப்ப?... மேடம்?"

தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். இறக்கிக் காதில் வைத்தாள்.

பேச்சு முடிந்துவிட்டது, மகளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று வேலம்மாள் நினைத்துக்கொண்டாள். கல்லின் மேல் சரியாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விலக்கிவிட்டு, அவளாகவே அந்தக் கட்டைவிரலை நீட்டினாள். சிவப்பின் மேல் பூ அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

"ஹலோ... மேடம், கட்டைவிரலுக்கு மட்டும் என்னங்க?... ஹலோ..."