ஜூலை மாதத்துப் படம்

— மூஞ்சி வெள்ளையா வேணுமா, வெயில்ல அலைஞ்சாப்பல கறுப்பா வேணுமான்னு கேட்டனுங்க சார்.

— ரொம்ப வெள்ளை வேண்டாம். நான் என்ன சொல்றேன்னா, வருஷம் பூரா கொல்லிமலையில ஊர் ஊரா ஏறி இறங்கின ஆளு மாதிரி இருக்கணும்.

— அப்பக் கறுக்க வெச்சர்றனுங்க. வேர்வையும் வெக்கட்டுமுங்களா? இந்தப் போட்டோ ஆப்புல அதுக்கும் ஒண்ணு இருக்குது.

— நக்கலா?

— சுந்தரராஜன் சாரு கிட்ட நக்கல் அடிப்பனுங்களா. இந்த மலையில அம்பது ஊரு தண்ணித் தொட்டியும் உங்க கையெழுத்துலதானுங்களே சுத்தமாகுது.

— அப்ப பேச்சைக் குறைச்சு வேலையைப் பாரு ஹேமலதா. நாலு மணிக்குள்ள மேடத்துக்கு அனுப்பியாகணும். புதுசா வந்திருக்கிற ஆபீசர் அம்மா, வந்ததும் வராததுமா ஒரே ரகளை. ஜனவரியிலேருந்து டிசம்பர் வரைக்கும், மாசத்துக்கு ஒரு ஊருன்னு தொட்டியைப் பார்க்கப் போன போட்டோ பன்னெண்டு கேக்குது. ஒரே பக்கத்துல கொலாஜா வேணுமாம். இல்லேன்னா 17பி குடுக்குமாம்.

— குடுத்தா என்னங்க ஆகும்?

— என்ன ஆகுமா? மார்ச்சில எனக்கு ரிட்டயர்மென்ட். 17பி மெமோ கையில இருந்தா ரிட்டயர் ஆகவே விடமாட்டாங்க. பென்ஷன் அப்படியே நிக்கும். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்மா.

— அதுல மலையேறுனது எத்தன நாளுங்க?

— எழுபது வளைவு. எனக்குப் பத்தாவது வளைவுலயே வயித்தைப் பெரட்டிடும். இன்னிக்கு இந்தப் படத்துக்காகச் செம்மேடு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. போஸ்டிங் போடுறவனுக்கு அது தெரியுமா?

— புள்ளத்தாச்சிக அதே வளைவுலதானுங்க நாமக்கல்லுக்கு எறங்குது.

— உங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. இந்தா, என் போட்டோ. இதிலேருந்து ஆளை மட்டும் வெட்டி எடு.

— இது கல்யாணப் பந்தியாட்டம் இருக்குதுங்களே.

— மச்சினன் பொண்ணு கல்யாணம். பந்தி மேற்பார்வை நான்தான். நின்னுக்கிட்டுக் கையை நீட்டுறேன் பாரு, பாயசக்காரனைக் கூப்பிடுறேன்.

— அட, நல்லதாப் போச்சுங்க. இதை வெட்டித் தொட்டிக்குப் பக்கத்துல நிறுத்துனா, குளோரினை இங்க கொட்டுங்கடான்னு கை காட்டறாப்பலயே இருக்கும். பாயசத்துக்கு நீட்டுன கைன்னு யாருக்குங்க தெரியப் போகுது.

— அதான் வேணும். நீ புத்திசாலி, ஆனா வாய்தான் அதிகம்.

— பட்டு வேட்டிங்க சார். தொட்டி பாக்கப் பட்டு வேட்டியில வந்தீங்கன்னா மேடம் நம்புவாங்களா?

— இடுப்புக்குக் கீழ வெட்டிடு.

— சரீங்க. இத்தன வருசமா மேலயும் இல்லாம கீழயும் இல்லாம இருந்தீங்க, இப்ப மேலயாச்சும் வந்தீங்களே.

— பர்த்டே கார்டுல பலூன் ஒட்டுற கடை. அதுக்கு இவ்வளவு பேச்சு.

— பலூன் ஒட்டறப்ப அந்தக் கொழந்த நெசமாப் பொறந்திருக்குமுங்க சார். சட்டையைப் பன்னெண்டு கலர்ல மாத்தறேன். ஜனவரிக்கு எந்த ஊருங்க?

— ஜனவரிக்கு என்கிட்டயே அசல் படம் இருக்கு. பாரு, பின்னாடி காடு, ஓடை எல்லாம் தெரியுது.

— இது புளியஞ்சோலைங்க. மலைக்குக் கீழ, துறையூர்ப் பக்கம். நீங்க துண்டைக் கட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள நிக்கறீங்க.

— மாமியார் வீடு துறையூர்தான். பொங்கலுக்குப் போனப்ப எடுத்தது. துண்டு தெரியாம மேல மட்டும் எடு. நீர் ஆதாரத்தை ஆய்வு செய்தபோதுன்னு கீழ டைப் பண்ணு.

— துண்டோட ஆய்வு. சரீங்க. பிப்ரவரி?

— நீ கல்யாணம், காதுகுத்துன்னு மலை பூரா போட்டோ எடுக்கப் போறவதானே. பின்னாடி தொட்டி இருக்கிற படமா நீயே பாத்துப் போடு.

— வாழவந்தி நாட்டுல ஒரு காதுகுத்து எடுத்தேன். தாய்மாமன் மடியில கொழந்த, பின்னாடி தொட்டி. தாய்மாமனை எடுத்துட்டு அந்த எடத்துல உங்கள வெச்சர்றனுங்க. சீரு செய்யற செலவும் இல்ல.

— எதையோ செய். நேரமாகுது.

— நெழல் வேணுமுங்களா? பக்கத்துல நிக்கற எல்லாத்துக்கும் நெழல் விழுது, உங்களுக்கு மட்டும் இல்ல.

— அதைக்கூடவா பாப்பாங்க?

— நாங்க பாப்பமுங்க. ஆபீசுல பாப்பாங்களான்னு எனக்குத் தெரியாது.

— சரி, போடு. கீழ ஜியோடேக் மாதிரி தேதி, நேரம், ஊர் பேரு எல்லாம் வரணும்.

— அதெல்லாம் டைப் அடிச்சுக்கலாமுங்க. எந்திரம் எழுதுனாப்பலயே எழுத்து இருக்குது. மனுசன் பொய் சொன்னா மூஞ்சியில தெரியும், இந்த எழுத்துல ஒண்ணுந் தெரியாது.

— நீ ஒருத்தி. பிரசங்கம் பண்ணாம அடுத்ததுக்கு வா.

— மார்ச், ஏப்ரல், மே, ஜூன் நாலும் முடிஞ்சுதுங்க. மே மாசத்துல நீங்க மொளகுக் கொடிக்கு நடுவுல நிக்கறீங்க, நல்லாவே அமைஞ்சிருச்சு. பாருங்க.

— கண்ணாடி நாமக்கல்லுல மேஜை மேலயே இருந்துபோச்சு. கிட்டத்துல ஒண்ணும் தெரியாது எனக்கு. நீ சொன்னா சரிதான். இப்ப கவனமாக் கேளு, ஜூலைதான் முக்கியம். ஜூலைக்கு மேக்காட்டூர்தான் வேணும்.

— மேக்காட்டூரா? திருப்புலி நாட்டுல, ரோடே போகாத ஊருங்களே அது.

— அதேதான். அந்த மாசம் அங்க பேதி வந்து ஒரு சாவு. மேடம் அதைத்தான் தோண்டிக்கிட்டு இருக்கு. தொட்டியைக் கழுவினீங்களா, குளோரின் போட்டீங்களான்னு கேள்வி மேல கேள்வி. நான் அங்க நேர்ல போயி, தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு கூட்டம் போட்டுச் சொன்ன மாதிரி ஒரு படம் இருந்தா, தப்பு அவங்க மேலன்னு ஆயிடும். நான் தப்பிச்சுடுவேன். மீதி பதினோரு படமும் சும்மா.

— செத்தது யாருங்க சார்?

— யாரோ ஒரு பொம்பள. பேரு ஃபைல்ல இருக்கும்.

— கேட்டுப் பாருங்களேன். கூட்டம் போட்டுச் சொன்னன்னு எழுதப் போறீங்க, பேராச்சும் தெரிய வேண்டாமுங்களா.

— பேரை வச்சு நான் என்ன பண்ண? நான் என்ன சொல்றேன்னா, இவங்க கேக்குற ஜனமே இல்லை. காய்ச்சிக் குடின்னா வெறகு இல்லேம்பாங்க, மாத்திரை குடுத்தா பூசாரிகிட்ட போவாங்க. நான் போயிருந்தாலும் அதான் நடந்திருக்கும். படம் இருக்கா, இல்லையா?

— மேக்காட்டூருப் படம் ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க.

— ஜூலையில எடுத்ததா?

— ஜூலை பத்தொம்பது. ஊரே உக்காந்திருக்குது.

— அட, இதை மொதல்லயே சொல்றதில்லையா? திருப்பு இந்தப் பக்கம். தெளிவாத் தெரியலை, ஆனா கூட்டம் தெரியுது. எத்தனை பேரு?

— நாப்பது பேரு இருக்குமுங்க. ஆம்பள, பொம்பள, கைக்கொழந்தக எல்லாம்.

— யாராவது சிரிச்சுக்கிட்டு இருக்காங்களா?

— ஒருத்தரும் சிரிக்கலீங்க.

— நல்லது. கவனமாக் கேக்குற மாதிரி இருக்கும். நடுவுல என்ன அது, நீளமா?

— கட்டிலுங்க.

— கூட்டத்துல கட்டில் எதுக்கு? மேல ஏதோ துணி வேற கெடக்கு. ஒழுங்கு கிடையாது இவங்களுக்கு. அதை அழிச்சுட்டு என்னை அங்க நிறுத்து. எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் பாக்குறாங்க, பொருத்தமா இருக்கும்.

— சார், இந்தப் படம் வேண்டாமுங்க. வேற ஊருப் படத்துல மேக்காட்டூருன்னு எழுதிக் குடுக்கறேன்.

— எதுக்கு? மேடம் ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு, இதுல இருக்கிறது யாருன்னு கேட்டா? அசல் ஊரு, அசல் ஜனம், அசல் தேதி. இதைவிட என்ன வேணும்?

— ஓரமாவாச்சும் நில்லுங்க. கட்டிலு பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.

— ஓரமா நிக்க நான் என்ன டீ வாங்கிக் குடுக்கவா போனேன்? நடுவுலதான். அந்தக் கட்டிலை எடுங்கிறேன், எடு.

— உங்க வாயால இன்னொருக்காச் சொல்லுங்க சார்.

— அழி. போதுமா? இதுக்கு எழுத்து மூலமா ஆர்டர் வேணுமா?

— வேண்டாமுங்க. அழிக்கறேன்.

— என்ன, தாய்மாமனைத் தூக்க ஒரு நிமிஷம் ஆகலை. ஒரு கட்டிலுக்கு இவ்வளவு நேரமா?

— வெரலு வெச்சுத் தேச்சுத் தேச்சுத்தானுங்க அழிக்கணும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் போகுது.

— பக்கத்துல ஒரு கெழவி கட்டிலைப் புடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியுது. கை அந்தரத்துல நிக்கப் போகுது, பாத்துக்க.

— நிக்குதுங்க. கையையும் அழிக்கட்டுமா?

— வேண்டாம், இருக்கட்டும். மனு குடுக்குற மாதிரி இருக்கு. என்னைக் கொண்டாந்து வை. நீட்டுன கை யாரைக் காட்டுது?

— அந்தக் கெழவியத்தானுங்க.

— பிரமாதம். விழிப்புணர்வுக் கூட்டம்னு போடு. தேதி, நேரம், ஊரு. மீதி அஞ்சு மாசத்தையும் கடகடன்னு முடிச்சுடு. மணி மூணு முப்பது.

— முடிச்சுட்டனுங்க. எதுக்கும் அனுப்பறதுக்கு முந்தி யாரையாச்சும் கண்ணாடி போட்டவங்கள வெச்சுப் பாத்துருங்க. பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு நிக்கறாங்க.

— அவங்க கிட்ட காட்டினா ஊரெல்லாம் சிரிக்கும். என் போனுக்கு அனுப்பு. இங்க சிக்னல் எங்க கிடைக்கும்?

— வாசல்ல, அந்தக் கரண்டுப் போஸ்டு மரத்துக்குக் கீழ நின்னா கெடைக்குமுங்க.

— சரி, இரு.

— போச்சுங்களா சார்?

— போச்சு. ரெண்டு டிக் விழுந்துடுச்சு. பாத்தியா, முப்பத்தோரு வருஷ அனுபவம். ஏழு மலை ஏறினாலும் ஒரு போட்டோ இல்லேன்னா ஏறாத மாதிரி, ஒரு போட்டோ இருந்தா ஏறின மாதிரி. இவ்வளவுதான் உத்தியோகம். இதுக்குப் போயி வளைவுல வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கணுமா?

— ஒரு வாட்டி வந்திருந்தா போதுமுங்க. ஜூன் மாசம் ஒரே ஒரு வாட்டி.

— வந்திருந்தா? தொட்டிக்குள்ள நானா எறங்கிக் கழுவப் போறேன்?

— உள்ள எட்டிப் பாத்திருப்பீங்க. ஒரு கொரங்கு விழுந்து செத்து மொதந்துச்சு. நாங்க ஆபீசுக்கு ஏழு வாட்டி போன் பண்ணுனோம். சார் கேம்ப் போயிருக்காருன்னு சொன்னாங்க.

— நாங்கன்னா? நீ செம்மேட்டுக்காரிதானே?

— கடைதானுங்க செம்மேட்டுல. பொறந்த ஊடு மேக்காட்டூரு.

— சொல்லவே இல்லையே.

— நீங்க கேக்கவே இல்லீங்களே. கட்டிலப் புடிச்சிருக்கறது எங்கம்மா. போட்டோக்காரி நம்ம ஊட்டுலயே இருக்குது, கடைசியா எல்லாரும் சேந்து ஒரு படம் எடுத்து வெச்சுக்கலாம், அப்புறம் மொகத்தைப் பாக்க முடியாதுன்னு எங்கம்மாதான் சொன்னாங்க. அழுதுக்கிட்டேதானுங்க எடுத்தேன்.

— என்ன சொல்ற நீ? கட்டில்ல என்ன இருந்துச்சு?

— எங்கக்கா. பேரு கண்ணாயி. ஃபைல்ல இருக்கும்னு சொன்னீங்க. ரெண்டு பெத்தவ, ஒரே ராத்திரியில பேதி புடுங்கிப் போய்ட்டா. அவள எடுத்துட்டு உங்கள அங்க நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டேன். என் கையாலயே எங்கக்காள அழிச்சனுங்க சார், கால்ல ஆரம்பிச்சு மொகத்துல முடிச்சேன்.

— ஐயோ, ஏம்மா, எனக்குத் தெரியாது. கண்ணாடி இல்லை. சத்தியமாத் தெரியாது. சரி, இதோ டெலீட் பண்ணிடுறேன், மேடம் பாக்கலைன்னா போயிடும். வேற ஊரு படம் ஒண்ணு போட்டுக் குடு, எவ்வளவு கேட்டாலும் தரேன்.

— டிக்கு நீலமாயிருச்சுங்களா?

— இரு. ஆமா. பாத்துட்டாங்க. பாத்தா என்ன, அவங்களுக்கு எப்படித் தெரியும்? கூட்டம்தானே தெரியுது. நீ வாயைத் திறக்காம இருந்தா ஒண்ணும் ஆகாது. போன் அடிக்குது. மேடம்தான். என்ன சொல்லட்டும்? ஹேமலதா, நான் என்ன சொல்லட்டும்?

— போன செவ்வாக்கெழம மேடம் மேக்காட்டூருக்கு நடந்தே வந்தாங்க சார், அன்னிக்கு எங்கம்மா அவங்க கையில குடுத்ததும் இதே படந்தானுங்க, அதுல எங்கக்கா இருக்கறா.